படத்தில் இருக்கும் பிள்ளை

“அங்க அழுவுறது உங்கம்மாவா? மடியில கெடக்குறது அவங்க மகனா?”

பதினோரு வருடங்களுக்கு முன் படகுத்துறையில் வைத்து ஒருவர் தாமரையிடம் கேட்டது. அவர் கழுத்தில் கேமரா தொங்கியது. அவளுக்கு அப்போது ஒன்பது வயது. தலையிலிருந்து கடல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. முதல் கேள்விக்குத் தலையாட்டினாள். இரண்டாவதற்கு இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், பிறகு யார் என்று கேட்பார். அந்த ஆள் போய்விட்டால் போதும் என்றிருந்தது. மறுபடியும் தலையாட்டினாள்.

இப்போது அம்மாவின் தலைமாட்டில் விளக்குக்கு எண்ணெய் ஊற்றும்போது பாதி எண்ணெய் தரையில் போயிற்று.

“பாத்து ஊத்துடி. வழுக்கி விழுந்தா இன்னொரு பெட்டிக்கு ஆர்டர் கொடுக்கணும்” என்றாள் வீரம்மா அத்தை, அப்பாவின் அக்கா. சொல்லிவிட்டு அவளே அழுதாள்.

அப்பா கமலநாதன் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். “டிவிக்காரங்க வந்துட்டாங்களாம். லைவ் போடணுமாம்.”

“வேணாம்னு சொல்லுங்கப்பா.”

“எப்படிம்மா சொல்றது? இத்தனை வருசம் வந்தவங்க.”

அம்மா புஷ்பவல்லி நேற்று மதியம் விழுந்தவள்தான், எழுந்திருக்கவில்லை. நாளை மறுநாள் படகு விபத்தின் நினைவுநாள். பேட்டிக்குக் கட்டுவதற்காக அந்த இளநீலச் சேலையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வருடமும் அதே சேலைதான். இஸ்திரிப் பெட்டி கருக்கிய வாடை அறையில் இன்னும் இருந்தது.

பள்ளி விடுமுறையில் தீவுக்குப் போன படகு கவிழ்ந்து இருபத்தாறு பேர் இறந்தார்கள். கீழ்வீட்டு ஜீவனும் அதில் ஒருவன். ஏழு வயது. அவன் அம்மா அஞ்சம்மாளுக்குத் தொழிற்சாலையில் லீவு கிடைக்கவில்லை. “நீ போறதானே, என் பிள்ளையையும் கூட்டிட்டுப் போ புஷ்பா” என்று அனுப்பி வைத்தாள். அவனை மடியில் போட்டுக்கொண்டு அம்மா கதறிய படம் மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் முதல் பக்கத்தில் வந்தது. ‘மகனை இழந்த தாய்.’ நாடே அந்தப் படத்தைப் பார்த்து அழுதது. அடுக்குமாடி பிளாட்டில் எல்லோருக்கும் உண்மை தெரியும். வெளியாட்களிடம் யாரும் வாய் திறக்கவில்லை. அடுத்த மாதமே அஞ்சம்மாளும் அவள் கணவர் அய்யாவுவும் செராஸுக்கு வீடு மாறிப் போனார்கள்.

அதன் பிறகு வருடா வருடம் மைக் வந்தது. “இப்ப எப்படி இருக்கும்மா உங்களுக்கு?” அம்மா பதில் சொன்னாள். ஒவ்வொரு வருடமும் கொஞ்சம் நன்றாகச் சொன்னாள்.

பள்ளியில் அந்தப் படத்தைப் பெரிய திரையில் காட்டி, தாமரையை மேடையில் நிறுத்தி, ஒரு நிமிடம் மௌனம் காத்தார்கள். எண்ணூறு பிள்ளைகள் அவளைப் பார்த்தபடி நின்றார்கள். மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், அவள் பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

ஒரே ஒரு முறை அம்மாவிடம் கேட்டாள். “உண்மைய சொல்லிட்டா என்னம்மா?”

அம்மா காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. “மைக் முன்னால நான் நிக்கலன்னா அஞ்சம்மா வாசல்ல போயி நிப்பாங்க. அவ தாங்குவாளா?”

அது உண்மையா, சாக்கா என்று தாமரைக்குக் கடைசிவரை தெரியவில்லை. யார் முதலில் தலையாட்டியது என்று அம்மாவும் கேட்டதில்லை.

கார் நிறுத்துமிடத்தில் போட்டிருந்த கூடாரத்துக்கு அம்மாவின் சவப்பெட்டியைக் கொண்டு வந்தார்கள். டிவியிலிருந்து வந்த பெண் தன் பெயர் அனுப்பிரியா என்றாள். தாமரையைவிட நான்கைந்து வயதுதான் கூட இருக்கும். பணிவாகப் பேசினாள். அந்தப் படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, மாலையோடு கொண்டு வந்திருந்தாள். பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். படத்தில் அம்மாவின் திறந்த வாய்தான் முதலில் தெரியும். பையனின் முகம் பாதி அம்மாவின் முந்தானையில் மறைந்திருக்கும்.

“ஆளைவிட படம் பெருசா இருக்கே” என்று அத்தை முணுமுணுத்தாள்.

அனுப்பிரியா மரண அறிவிப்புப் பலகையைப் படித்தாள். நெற்றி சுருங்கியது.

“அங்கிள், கணவர் கமலநாதன்னு போட்டிருக்கு. படகுத்துறை நினைவுக்கல்லுல தம்பி பேரு ‘ஜீவன் த/பெ அய்யாவு’ன்னு இருக்கே?”

தாமரைக்குக் காதுக்குள் தண்ணீர் புகுந்தது போல் எல்லாச் சத்தமும் அடங்கியது. அப்பா கையிலிருந்த தண்ணீர் போத்தலின் மூடியைத் திருகினார், திறந்தார், மறுபடியும் மூடினார்.

“வீட்ல ஒரு பேரு, ஐசி கார்டுல ஒரு பேரு” என்றாள் அத்தை. “நம்ம ஆளுங்க கதை தெரியாதாம்மா உனக்கு? எங்கப்பாவுக்கு மூணு பேரு லா.”

அனுப்பிரியா சிரித்துவிட்டாள். “எங்க தாத்தாவுக்கும் அப்படித்தான் ஆன்டி. பென்சன் எடுக்கவே முடியல.”

தாமரை மூச்சை விட்டாள். பன்னிரண்டு மணிக்கு எடுத்துவிடுவார்கள். இன்னும் நாற்பது நிமிடம்.

அப்போதுதான் கூடாரத்தில் பேச்சு நின்றது. மைலோ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கோப்பையைக் கீழே வைத்தார்கள். ரயிலடிப் பக்கமிருந்து தோளில் துணிப்பையோடு அஞ்சம்மாள் வந்துகொண்டிருந்தாள். முடி முழுக்க நரைத்திருந்தது. இரண்டு பேர் நாற்காலியை நகர்த்தி வழி விட்டார்கள்.

வாய்க்கரிசி போடப் பெண்கள் வரிசையாக நின்றார்கள். அஞ்சம்மாள் கடைசியில் நின்றாள். தாமரை அரிசித் தட்டைப் பிடித்திருந்தாள். ஒவ்வொருவரும் போட்டு நகர, வரிசை குறைந்துகொண்டே வந்தது. அவள் என்ன சொல்லப் போகிறாள்? எல்லோர் முன்னாலும், லைவில், பெட்டியில் படுத்திருப்பவளைப் பார்த்து என்ன கேட்கப் போகிறாள்?

அஞ்சம்மாள் ஒரு பிடி அரிசி எடுத்தாள். அம்மாவைப் பார்க்கவில்லை. பக்கத்திலிருந்த படத்தின் முன் போய் நின்றாள். முந்தானையில் பாதி மறைந்த அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அனுப்பிரியா கைபேசியை உயர்த்திப் பிடித்தபடி மெதுவாகச் சொன்னாள். “ஆன்டி, சோரி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. தம்பி படம் மறையுது.”

அஞ்சம்மாள் உடனே ஒதுங்கினாள். பேருந்தில் யாரோ இடம் கேட்டால் நகர்வது போல.

“அவங்கள தள்ளச் சொல்லாதீங்க.”

குரல் தன்னுடையதுதான் என்று தாமரைக்குச் சற்று நேரம் தெரியவில்லை.

“தாமரை!” என்றார் அப்பா.

“அது அவங்க பிள்ளை. எங்கம்மா மகன் இல்ல. நான்தான் அன்னைக்கு ஆமான்னு தலையாட்டினேன்.”

அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். அனுப்பிரியா அறிவிப்புப் பலகையைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். பிறகு அவள் கை தானாகத் திரும்பியது. கைபேசி இப்போது அஞ்சம்மாளின் முகத்துக்கு நேரே இருந்தது. திரையின் ஓரத்தில் சிவப்பு இதயங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேலேறின.

“அம்மா,” என்றாள் அனுப்பிரியா. குரல் தழுதழுத்தது. உண்மையாகவேதான். “இத்தனை வருசம்... உங்களுக்கு இப்ப எப்படிம்மா இருக்கு?”

தாமரை கேமராவுக்கும் அஞ்சம்மாளுக்கும் நடுவில் போய் நிற்க நினைத்தாள். அரிசித் தட்டைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நின்றாள்.

அஞ்சம்மாள் பெட்டியருகே வந்தாள். கையிலிருந்த அரிசியை அம்மாவின் வாயில் போட்டாள். உதட்டோரம் சிந்திய இரண்டு மணிகளை விரலால் எடுத்து உள்ளே வைத்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

“ஒரு வார்த்தை மட்டும்மா” என்று அனுப்பிரியா பின்னாலேயே போனாள். இன்னும் இரண்டு கைபேசிகள் எழுந்தன.

கூடாரத்தின் விளிம்பில் அஞ்சம்மாள் நின்றாள். துணிப்பையிலிருந்து குடையை எடுத்து விரித்தாள். மழை இல்லை. வெயிலும் இல்லை. குடையைப் பின்பக்கமாகச் சாய்த்து, தலையும் தோளும் தெரியாதபடி பிடித்துக்கொண்டு, ரயிலடியை நோக்கி நடந்து போனாள்.