மறுபடி அளவெடுக்காத சட்டை

1

இந்தக் கதை என் கைக்கு வந்த வழி அவ்வளவு கௌரவமானதல்ல. தையற்கடையில் காத்திருந்தபோது, திரைக்குப் பின்னால் புருஷனும் பெண்டாட்டியும் பேசியதை ஒட்டுக்கேட்டேன். மீதி என் கைச்சரக்கு.

நான் முதலில் எழுதிய வரி இப்படி இருந்தது: “கணினி என்பது மனித மனத்தின்...” வேண்டாம். அடித்துவிட்டேன், அப்படியே கிடக்கட்டும்.

2

தையற்காரம்மாவின் லேப்டாப்பில் இருப்பது லினக்ஸ். அளவுகளைப் போட்டால் துணி வெட்டும் வடிவத்தை வரைந்து தரும் அவருடைய பேட்டர்ன் மென்பொருளோ விண்டோஸுக்கென்றே எழுதியது. வீட்டுக்காரர் நடுவில் வைன் என்ற நிரலை வைத்து ஓட்டிவந்தார். அது, “நீ விண்டோஸில்தான் இருக்கிறாய்” என்று மென்பொருளிடம் சாதிக்கும். போலியாக ஒரு சி டிரைவும் காட்டும். (பச்சைப் பொய். கதை எழுதுகிற நான் குறை சொல்லக் கூடாது.)

திங்கட்கிழமை வீட்டுக்காரர் லேப்டாப்பில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு லினக்ஸைப் புதிதாக ஏற்றினார். அதற்கு முன் டாக்குமெண்ட்ஸை பென் டிரைவில் எடுத்துக்கொண்டார். போலி சி டிரைவ் கிடந்த மறைவு ஃபோல்டரை மறந்தே போனார்.

3

அந்தக் கடையில் சட்டை தைத்துக்கொள்ளும் ஒரு டீச்சருக்கு மார்புப் புற்று வந்து ஒரு பக்கத்தை எடுத்துவிட்டார்கள். போன வருடம் அளவு கொடுக்க வந்தபோது, பொத்தானைக் கழற்றவே அவருக்குக் கை வரவில்லை. போகும்போது, “இன்னொரு தடவ அளவெடுக்கக் கூப்பிடாதீங்க” என்றார். தையற்காரம்மா வாக்குக் கொடுத்தார். யார் கண்ணிலும் படக் கூடாதென்று அந்த அளவுகளைச் சீட்டில்கூட எழுதாமல், மென்பொருளில் மட்டும் போட்டுவைத்தார்.

அப்போது தைத்த சட்டை சலவையில் சுருங்கிவிட்டதாம். புதிதாக ஒன்றுக்குத் துணி வந்து மேஜைமேல் கிடந்தது.

4

அந்த அளவுக் கோப்பு தொலைந்துவிட, இரண்டு பெண்களும் அழுவதாக மூன்று பக்கம் எழுதிவிட்டேன்.* நடந்தது வேறு.

“டீச்சர்கிட்ட நீங்களே பேசுங்க. எனக்கு வாய் வராது,” என்றார் தையற்காரம்மா.

வீட்டுக்காரர் திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் முழித்தார். பிறகு பென் டிரைவைச் செருகினார்.

“இங்க ‘டீச்சர்’னு ஒண்ணு இருக்கே. இதா பாரு.”

அதேதான். மென்பொருள் தன்னுடைய மை டாக்குமெண்ட்ஸில் வைப்பதாக நினைத்தே இத்தனை நாளும் சேமித்திருக்கிறது. வைன் அதை நைசாக இவர்களுடைய டாக்குமெண்ட்ஸுக்கே திருப்பிவிட்டிருந்தது. மென்பொருளை மறுபடி ஏற்றியதும் தோள், கை, இடது பக்கம் எல்லாம் திரையில் வந்தன. தையற்காரம்மா மெஷின்மேல் தலையைச் சாய்த்து ஒருபாட்டம் அழுதார். எனக்கும் அப்பாடா என்றிருந்தது.

*நன்றாகவே வந்திருந்தன. இருந்தும் கிழித்துப் போட்டேன்.

5

வெள்ளிக்கிழமை டீச்சர் வாசலிலேயே நின்றார்.

“அளவெடுக்கணுமா?”

“வேண்டாம் டீச்சர். தச்சே வெச்சிட்டேன்.”

டீச்சர் சட்டையை வாங்கிக்கொண்டு ட்ரையல் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். பொருந்தியதா என்று நான் சொல்லவேண்டிய இடம் இது. சொல்வதென்றால் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். நான் போவதாயில்லை. நீங்களும் இப்படி பெஞ்சில் உட்காருங்கள். அவராக வெளியே வரட்டும்.