செவ்வாயில் ஓடியது தண்ணீரா, மணலா?

கிருமாம்பாக்கத்துப் பட்டிமன்றத்தில் நடுவர் என்றால் இதுவரை வேட்டி கட்டியவர்தான். இந்த வருஷம் அறிவியல் ஆசிரியை சுகன்யாவை உட்கார வைத்தார்கள். தலைப்பும் அவள் கொடுத்ததுதான்: செவ்வாயில் அண்மைக் காலத்தில் தண்ணீர் ஓடியதா? சோதனை புருஷன் வடிவில் வந்தது. ஓடியது என்று பேச மேடை ஏறியவன் அவள் கணவன் பாக்யராஜ்.

"தீர்ப்ப வூட்லயே எழுதிட்டு வந்திருப்பாங்கபா" என்று முன்வரிசையில் ஒருவர் சொன்னது மேடை வரைக்கும் கேட்டது. அவளுக்குச் சுருக்கென்றது. இன்றைக்குச் சறுக்கினால் இந்த நாற்காலியில் இனி எந்தப் பெண்ணையும் உட்கார விடமாட்டார்கள்.

பாக்யராஜின் வாய் ஊரறிந்த வாய். திரையில் செயற்கைக்கோள் எடுத்த படம். மலைச்சரிவில் கறுப்புக் கோடுகள். "வெயில் காலத்துல நீளுது, குளிர்ல மறையுது. அங்க உப்பு இருக்கிற அடையாளமும் தெரியுதுன்றாங்க. உப்புத் தண்ணி லேசுல உறையாது. இது தண்ணி இல்லன்னா வேற இன்னா?"

கைதட்டலில் பந்தல் அதிர்ந்தது. எதிரணி ரோஸ்லின் அலட்டிக்கொள்ளவே இல்லை.

"தண்ணின்னா பள்ளம் வரைக்கும் வரணும். இந்தக் கோடெல்லாம் ஒரே அளவுக்குச் சரிவு கொறையற எடத்துலயே நின்னுடுது. காஞ்ச மணலு சரிஞ்சாதான் அப்பிடி நிக்கும்."

"மண்ணு குடிச்சிடுச்சும்மா!" என்றான் பாக்யராஜ். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

சுகன்யா மைக்கை இழுத்தாள். "பேச்சாளரே, கரும்புக்கு மடை தொறந்து பழகின ஆளு நீங்க. மண்ணு குடிக்குதுன்னா ஒண்ணு மேல நிக்கும், ஒண்ணு கீழ நிக்கும். அத்தனையும் ஒரே அளவு சாய்மானத்துல வந்து நிக்குமா?"

அவன் அவளைப் பார்த்தான். வீட்டில் மாட்டிக்கொள்ளும்போது பார்க்கிற அதே பார்வை. அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

"நிக்காது" என்றான்.

இரு தரப்பிலும் நியாயம் உண்டு என்று மழுப்புவதுதான் நடுவர்கள் வழக்கம். முன்வரிசை அதற்குத்தான் காத்திருந்தது.

"இந்தக் கோடுகள வச்சி தண்ணி ஓடிச்சின்னு சொல்ல முடியாது" என்றாள் சுகன்யா. "நாளைக்கி வேற ஆதாரம் வந்தா தீர்ப்ப மாத்துவேன், வெக்கப்பட மாட்டேன். இன்னிக்கி ரோஸ்லின் அணிதான் ஜெயிச்சிது."

பாக்யராஜ் எழுந்து மைக்கைக் கேட்டு வாங்கினான்.

"அடுத்த வருஷம் நல்ல ஆதாரத்தோட வர்றேன். ஆனா நடுவரு இவங்களாத்தான் இருக்கணும். வேற ஆளுன்னா நான் மேடை ஏற மாட்டேன்."