ஒசோயூஸுக்கு வாங்கிய தொப்பி

அஜக்ஸ் நகரில் சாம்பவி வீட்டு வாசலில் காரை நிற்பாட்டும்போதே ரதிக்கு வயிறு எரியத் தொடங்கிவிட்டது. படம் பார்க்க வரச்சொல்லி அழைப்பு. ஊர் சுற்றிவிட்டு வந்தவர்கள் சும்மா இருக்கமாட்டார்கள். படத்தையெல்லாம் ரீவியில் போட்டு, வடையும் தேத்தண்ணியும் தந்து, நாலு பேரைப் பார்க்க வைத்தால்தான் அவர்களுக்குப் போன பயணம் முடியும்.

போன இடம் ஒகனாகன். பிரிட்டிஷ் கொலம்பியாவில் பாலைவனம் மாதிரிக் காய்ந்து கிடக்கிற பள்ளத்தாக்கு. ஆனால் நடுவில் ஏரி, சரிவெல்லாம் திராட்சைத் தோட்டம், வைன் வடிக்கிற பண்ணைகள், ஒசோயூஸ் மாதிரிச் சின்னச் சின்ன ஊர்கள். இந்தப் பயணத்தைக் கண்டுபிடித்தவளே ரதிதான். இருவரும் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரே கட்டடத்தில் இருந்த காலத்தில், உடுப்புத் தோய்க்கிற அறையில் யாரோ விட்டுப்போன சஞ்சிகையில் ஒசோயூஸின் படத்தைக் கண்டு, "பிள்ளையள் வளர்ந்தாப் பிறகு நாங்கள் ரெண்டு பேரும் மட்டும் போவம்" என்று சாம்பவியிடம் சொன்னவள் அவள். போன வருஷம் அதற்கென்றே ஒரே மாதிரி இரண்டு ஓலைத் தொப்பியும் வாங்கினார்கள். கூடவே இருந்த மாமி, கணவனின் தாய், கண்டால் "இந்த வயசில ஆருக்குக் காட்டத் தொப்பி?" என்று கேட்பா என்று பயந்து, ரதி தன்னுடையதையும் சாம்பவி வீட்டிலேயே விட்டுவைத்தாள்.

இப்போது சாம்பவி போய்விட்டு வந்திருக்கிறாள். ரதியோடு அல்ல. பக்கத்து வீட்டு வேதவல்லியோடு. கோயம்புத்தூர்க்காரி, கம்பியூட்டர் வேலை, அங்கே குடிவந்து வீட்டுச் சுவரின் பெயின்ற் கூடக் காய்ந்திருக்காது.

அந்த வேதவல்லியே ரிமோட்டும் கையுமாகச் சோபாவின் நடுவில் இருந்தாள். சாம்பவிக்குப் பக்கத்தில், ரதி வழக்கமாக இருக்கிற இடத்தில். ரதி ஓரத்துக் கதிரையில் உட்கார்ந்தாள். சாம்பவியின் நெற்றியும் மூக்கும் வெயிலில் கருகித் தோலுரிந்திருந்ததைக் கண்டதில் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

"இது பாம்பு இருக்குன்னு போர்டு. சாம்பவிக்கா அலறுன அலறல் இருக்கே!" என்று வேதவல்லி சிரித்தாள்.

அடுத்த படத்தில் இருவரும் வைன் கிளாஸும் கையுமாக நின்றார்கள். ரதியின் கணவன் ராகுலன் வடையைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

"எல்லாத்தையும் குடிச்சனீங்களோ?"

"இல்லை அண்ணை. வாயில வச்சுப் பாத்திட்டு ஒரு வாளிக்குள்ள துப்பிறது" என்றாள் சாம்பவி.

"துப்பிறதுக்கே பிளேன் ஏறிப் போனனீங்கள்?" என்று ரதி கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

மூன்றாவது படம் ஒசோயூஸ். மஞ்சள் மலை, நீல ஏரி, அதே சஞ்சிகைப் படம். அதற்கு முன்னால் வேதவல்லி. அவள் தலையில் ஓலைத் தொப்பி. பக்கத்தில் சாம்பவி வெறும் தலையோடு கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். தொப்பி போட்டால் தலைமயிர் குழம்பும் என்று சாம்பவிக்கு எப்போதும் பஞ்சி; லேசில் போடமாட்டாள். தன்னுடையதை வீட்டில் விட்டுவிட்டு என்னுடையதைத் தூக்கிக் கொடுத்திருக்கிறாள் என்று ரதி உடனே முடிவு கட்டினாள்.

"நீங்களும் வந்திருக்கலாமேக்கா!" என்றாள் வேதவல்லி.

"எனக்கு எங்க நேரம்."

பொறாமைதான். அதை ரதி தனக்குள் ஒளிக்கவில்லை. மலையிலும் ஏரியிலும் இல்லை; சாம்பவிக்குப் பக்கத்தில் நிற்கிற அந்த இடத்தில்.

வேதவல்லி தன் வீட்டுக்குப் போனதும் ரதி குசினிக்குள் நுழைந்தாள். சாம்பவி கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள்.

"என்ர தொப்பியை அவளுக்குக் குடுக்க உனக்கு எப்பிடியடி மனம் வந்தது?"

சாம்பவி திரும்பிப் பார்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டு மேலே போய், ஒரு கடதாசிப் பையோடு வந்தாள். உள்ளே தொப்பி. விலைச் சீட்டுக்கூடக் கழற்றவில்லை.

"உன்ரய நான் தொடேல்லை. அவள் வெறுந்தலையோட வந்து நிண்டாள், என்ரயக் குடுத்தன். என்ர நெத்தியைப் பாரன்."

ரதி தொப்பியைக் கையில் வாங்கினாள். ஆனாலும் விடவில்லை.

"என்னை ஏன் கூப்பிடேல்லை?"

"உன்ர மாமிக்கு இன்னும் ஆட்டைத் திவசம் முடியேல்லை. செத்தவீடு நடந்து வருஷம் திரும்ப முந்தி உல்லாசம் போக வா எண்டு என்னெண்டு கேக்கிறது? வேதவல்லி அங்க போக ரிக்கற் எடுத்தவள், மனுசனுக்கு லீவு கிடைக்கேல்லை, தனியப் போகப் பயமெண்டு வந்து நிண்டாள். அவளோட போனன்."

உயிரோடு இருந்தபோதும் மாமி விடவில்லை, போன பிறகும் விடவில்லை.

"நான் மாட்டன் எண்டுதான் சொல்லியிருப்பன்" என்றாள் ரதி.

"பிறகென்ன?"

"எண்டாலும் நீ கேட்டிருக்கோணும். மாட்டன் எண்டு சொல்ல வேண்டியவள் நான். எனக்காக நீ சொல்லக் கூடாது."

சாம்பவி கழுவிய கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள். அவள் கண் கலங்கியதை ரதி பார்த்தாள்.

"பிழைதான். ஆட்டை முடியட்டும். வாற செப்டெம்பர், பழம் பிடுங்கிற நேரம் போவம். வாறியோ?"

"வாறன்."

ரதி தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கோபம் போய்விட்டது என்றுதான் நினைத்தாள். பிறகு ஒன்று உறைத்தது.

"அப்ப நீ எதைப் போடப்போறாய்?"

"என்ரதானே அவளிட்டக் கிடக்கு. குடுத்ததைத் திருப்பி எப்பிடிக் கேக்கிறது? வேறை வாங்குவம்."

"ரெண்டும் ஒரே மாதிரியெண்டெல்லோ வாங்கினது!"

ரதி தன் தொப்பியை மேசையில் வைத்துவிட்டு வாசலுக்குப் போய்ச் செருப்பைக் கொழுவினாள்.

"ரதி, எங்கயடி போறாய்?"

"பக்கத்து வீட்டை. உனக்குத்தான் கேக்கத் தெரியாது. நான் கேட்டு வாங்கிக்கொண்டு வாறன்."