முதன்மை ஆய்வாளர் வாசிப்பார்

எங்கள் கல்லூரி மாத இதழின் கடைசிப் பக்கத்துக்கு ‘நம் பெருமை’ என்று பெயர். மொழிப்பாடம் நடத்துகிறவளுக்கு வேறென்ன வேலை என்று அதை என் தலையில் கட்டிவிட்டார்கள். ஆளாளுக்குத் தங்கள் பெருமையைத் தாங்களே எழுதி, வேறு யாரோ புகழ்வதுபோல் ‘இவர்’, ‘அன்னார்’ என்று ஜோடித்து எனக்கு அனுப்புவார்கள். நான் பிழை திருத்தி அச்சுக்குக் கொடுப்பேன்.

என்னவெல்லாம் வரும் என்கிறீர்கள்? வீட்டில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு கணினியில் ஒரு சொற்பொழிவைக் கேட்ட பொருளியல் ஆசிரியர் ‘பன்னாட்டு அறிஞர்களுடன் கருத்துப் பரிமாறினார்’. மூன்றே பேர் கலந்துகொண்ட ஓவியப் போட்டியில் மூன்றாவதாக வந்த மாணவன் ‘வாகை சூடினான்’. தொலைக்காட்சித் தொடரில் பிணமாகப் படுத்துக் கிடந்த முன்னாள் மாணவர் ‘கலையுலகில் தடம் பதித்தார்’. படுத்துக் கிடந்தவர் எப்படித் தடம் பதித்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் எனக்குப் பொறாமை என்பார்கள்.

இந்தக் கூட்டத்திலேயே பெரிய மனிதர் சமூகவியல் துறைத் தலைவர். எங்களுக்குள் அவருக்கு ‘உலகம்’ என்று பெயர். மின்விசிறி ஓடாத அறையில் முதலாமாண்டுப் பிள்ளைகளைப் பிடித்து உட்காரவைத்து, வெளிநாட்டிலிருந்து ஒரு வாழ்த்துச் செய்தியையும் வரவழைத்துவிட்டால் போதும், அவருக்கு அது உலகக் கருத்தரங்கு. குரல் மட்டும் கணீரென்று இருக்கும். அந்தக் குரலை வைத்துத்தான் மனிதர் இத்தனை காலம் பிழைப்பை ஓட்டினார்.

என் தங்கை மகள் அவர் துறையில்தான் கடைசி ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். பெரிய பல்கலைக்கழகம் ஒன்று நடத்திய மாணவர் ஆய்வு மாநாட்டில் அவள் கட்டுரைக்கு முதல் பரிசு கிடைத்தது. எங்கள் ‘நம் பெருமை’ பக்கத்துக்கு வந்ததில் நான் பார்த்த ஒரே உண்மையான சாதனை அதுதான். அந்தப் பல்கலைக்கழகமே அவளுக்கு ஆய்வுப் படிப்பில் இடமும் உதவித்தொகையும் தருவதாகச் சொன்னது. ஒரே ஒரு நிபந்தனை: கட்டுரை அவள் தனியாக எழுதியது என்று கல்லூரி உறுதி சொல்ல வேண்டும்.

தங்கை வீட்டுக்காரருக்கு இரும்புச் சாமான் கடை. ஆணி, தாழ்ப்பாள், கதவுக் கீல். “சீட்டு கிடைச்சா போய்ப் படி, நான் தடுக்கல. கிடைக்கலேன்னா அடுத்த மாசமே கல்லாவுல உட்காரணும், சரியா?” என்று மகளிடம் கறாராகச் சொல்லிவிட்டார். அவளும் சரி என்றிருந்தாள். உறுதிமொழி வாங்குவதில் என்ன சிரமம் வந்துவிடப் போகிறது என்று நாங்கள் எல்லோருமே நினைத்தோம்.

எங்கள் கல்லூரி வழக்கம் எங்களுக்கு மறந்துபோயிருந்தது. இங்கே மாணவர் எதை எழுதிப் பேர் வாங்கினாலும் ஆசிரியர்கள் தங்கள் பெயரை அதில் சேர்த்துக்கொள்வார்கள். சேர்ந்த பெயர்களைப் பணி மூப்புப்படி அடுக்குவார்கள். பரிசுச் செய்தி வந்த அன்றே உலகம் தன் பெயரைச் சேர்த்தார். விஷயம் காதில் விழுந்து முதல்வர் தன் பெயரைச் சேர்த்தார். புத்தகம் எடுத்துக் கொடுத்தவன் நான்தானே என்று நூலகரும் வந்து நின்றார். உலகம் முதல்வருக்கும் முன்னால் பணியில் சேர்ந்தவர், அதனால் அவர் முதன்மை ஆய்வாளர். பணி என்றே ஒன்று இல்லாத என் தங்கை மகள் நான்காவது.

அவள் நேரே அவர் அறைக்குப் போய்க் கேட்டிருக்கிறாள்.

“சார், கட்டுரையப் படிச்சீங்களா?”

“அதுல படிக்க என்னம்மா இருக்கு? தலைப்பே சொல்லுதே.”

தலைப்பு ‘ஒரு சிறிய கலைக் கல்லூரியில் சாதனைகள் உருவாகும் விதம்’. தன்னைப் பற்றி யாராவது எழுதினால் அது புகழ்ச்சியாகத்தான் இருக்கும் என்பதில் உலகத்துக்கு எள்ளளவும் சந்தேகம் கிடையாது.

சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து பையைத் தூக்கி நாற்காலியில் எறிந்தாள். “பெரியம்மா, என் வாழ்க்கையே போச்சு. உறுதிக் கடிதம் அவங்க பேரோட போனா சீட்டு இல்லன்னு பல்கலைக்கழகத்துல தெளிவா சொல்லிட்டாங்க.” அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“என்னதான் எழுதியிருக்க? குடு பார்ப்போம்” என்று வாங்கினேன். அதுவரை நானும் படிக்கவில்லை.

சமையலறையில் நின்றபடியே படித்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது தெரியாமல் சிரித்தேன். பெயர் எதுவும் போடாமல் அத்தனை பேரையும் தோலுரித்திருந்தாள். ‘இப்பக்கத்தைத் தொகுப்பவர், தான் நம்பாத புகழ்ச்சிகளை இலக்கணப் பிழையின்றி அச்சேற்றுகிறார்’ என்று என்னைப் பற்றியும் ஒரு வரி இருந்தது. சுருக்கென்றது. பொய் என்று சொல்லவும் முடியவில்லை.

“என்னையும் விட்டு வைக்கலையா நீ?”

“ஆய்வுன்னா எல்லாரையும்தானே எழுதணும்?”

அடுத்த வாரம் பாராட்டு விழா. நான்தான் தொகுப்புரை. நிர்வாகச் செயலாளர் தலைமை தாங்குவார். கல்லூரி அவர் குடும்பத்துச் சொத்து. நிகழ்ச்சி நிரலில் ‘முதன்மை ஆய்வாளர் கட்டுரையின் ஒரு பகுதியை வாசிப்பார்’ என்று ஒரு வரியைச் சேர்த்தேன். உலகத்துக்கு அது தேன் குடித்த மாதிரி இருந்தது. “எந்தப் பகுதி படிக்கட்டும்?” என்றார். “நடுவுல நல்லா இருக்கு சார்” என்று பக்கத்தை மடித்துக் கொடுத்தேன். மேடை ஏறும்முன் ஒருமுறை படித்துப் பார்ப்பார் என்று எனக்குப் பயம்தான். வீண் பயம்.

மேடையில் செயலாளருக்குப் பக்கத்தில் ஆய்வாளர்களுக்கென்று நான்கு நாற்காலிகள். நான்காவது நாற்காலியை ஒலிபெருக்கிப் பெட்டி மறைத்தது. என் தங்கை மகளின் தலை மட்டும்தான் தெரிந்தது. உலகம் தொண்டையைச் செருமிக்கொண்டு கணீரென்று ஆரம்பித்தார்.

“இக்கல்லூரியின் துறைத் தலைவர் ஒருவர், தாம் பணியில் சேர்ந்த நாள் முதல் நூலகத்திலிருந்து ஒரு நூல்கூட எடுத்ததில்லை. எனினும் ஆண்டுதோறும் சிறந்த வாசகர் விருதைத் தமக்குத் தாமே வழங்கிக்கொள்கிறார்.”

அரங்கில் யாரோ கனைத்தார்கள். உலகம் நிறுத்திப் புன்னகைத்தார், கைத்தட்டலுக்கு இடம் விடுகிறாராம். வாசிப்பதன் பொருளைக் கவனிக்கும் பழக்கம் அவருக்கு இருந்ததில்லை. நூலகர் நாற்காலியில் நெளிந்தார். உலகம் தொடர்ந்தார்.

“இங்கு நடந்த மூன்று உலகக் கருத்தரங்குகளிலும் சிறப்புரை ஆற்றிய வெளிநாட்டு அறிஞர், நிர்வாகச் செயலாளரின் மருமகன் ஆவார். விடுமுறைக்கு மாமனார் வீட்டுக்கு வந்த அவர், மூன்று வெவ்வேறு துறைகளின் வல்லுநராக அறிமுகம் செய்யப்பட்டார். அவர் தொழில் குளிர்சாதனப் பெட்டி விற்பனை.”

‘விற்பனை’ என்ற சொல்லில்தான் அவருக்கு உறைத்தது. குரல் அப்படியே இறங்கிவிட்டது. பின்வரிசைப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். செயலாளர் சிரிக்கவில்லை. எழுந்தார்.

“யாருய்யா இதை எழுதுனது?”

நான் பிறந்ததிலிருந்து பார்க்காத வேகத்தை அங்கே பார்த்தேன். “ஐயா, நான் இதை இப்பதான் பார்க்கிறேன்” என்றார் உலகம். “நான் இன்னும் பார்க்கவே இல்லீங்க” என்றார் முதல்வர். “புத்தகம் கேட்டா குடுத்தேன், அதோட சரி” என்றார் நூலகர். மூவரும் ஒரே நேரத்தில் ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பின்னால் கை நீட்டினார்கள். “எல்லாம் இந்தப் பொண்ணு ஒருத்தியோட வேலைங்க. எங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல!”

என் தங்கை மகள் எழுந்து முன்னால் வந்தாள்.

“ஆமாங்க ஐயா. நான் மட்டும்தான் எழுதினேன். இவங்க மூணு பேரும் சொன்னதை அப்படியே எழுத்துல குடுத்தா, பல்கலைக்கழகத்துக்கு இன்னிக்கே அனுப்பிடுவேன். இவங்க பேரை எடுத்துடுவாங்க. என்னைத் திட்டுறதுன்னா அப்புறமா திட்டுங்க.”

“குடுங்கய்யா, முதல்ல எழுதிக் குடுங்க!” என்று செயலாளர் இரைந்தார். மருமகன் விஷயம் கல்லூரியே ஒப்புக்கொண்டதுபோல் வெளியே போகக்கூடாது என்பதுதான் அவர் கவலை.

முதல்வர் அறைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனோம். தட்டச்சு செய்தவள் நான்தான். அன்று அவர்கள் எனக்குச் சொன்னதில் புகழ்ச்சி ஒரு சொல்கூட இல்லை, எல்லாம் மறுப்பு. ‘எவ்வகையிலும்’ என்ற சொல்லை இரண்டு தடவை போடச் சொன்னார் நூலகர். பணி மூப்பை யாரும் நினைக்கவில்லை. யார் முதலில் கையெழுத்துப் போட்டுத் தப்பிப்பது என்று முண்டியடித்தார்கள். உலகம் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தாளை அவளிடம் நீட்டினார்.

“இந்தாம்மா. இனிமே என் பேரு உன் ஆராய்ச்சியில எங்கயும் வரக்கூடாது, சொல்லிட்டேன்.”

அவள் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

“கவலைப்படாதீங்க சார். உங்க பேரு எந்த ஆராய்ச்சியிலயும் வராது.”