படகில் சொல்லாத வரி

என் வீட்டுக்காரர் சுற்றுலாப் படகில் வழிகாட்டி. பயணிகளிடம் பேசுவதையெல்லாம் தினமும் காலையில் அடுக்களையில் நின்று என்னிடம் ஒப்பிப்பார். கேட்டுக் கேட்டுக் காது புளித்து, எனக்கே மனப்பாடம். படகு ஏறினால் குமட்டும் என்று பயந்து கடல் பக்கமே போகாதவள் நான். நேற்று ஓசி டிக்கெட் என்றதும் பயம் பறந்துவிட்டது.

கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். மனிதர் எங்களைப் பார்த்து நின்றபடி கலங்கரை விளக்கம், குகை, பறவைத் தீவு என்று வெளுத்து வாங்கினார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பெரிய பாறையைப் படகு சுற்றத் தொடங்கியதும் சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டார்.

போச்சு, மறந்துவிட்டார்! இவர் மானம் போவதற்குள் காப்பாற்ற வேண்டுமே என்று எழுந்து நின்று கத்தினேன்.

"மலை தன் கூந்தலை அவிழ்த்துக் கடல்ல அலசுது பாருங்க!"

மொத்தப் படகும் என்னைத் திரும்பிப் பார்த்தது. அவர் உதட்டில் விரலை வைத்து, தனக்குப் பின்னால் கை காட்டினார்.

மலை உச்சியிலிருந்து அருவி நேராகக் கடலில் விழுந்துகொண்டிருந்தது. சாரல் முகத்தில் அடித்தது. அதற்குப் பிறகு ஒருவரும் வாய் திறக்கவில்லை, நான்கூட.

கரையேறியதும் கேட்டேன். "ஏங்க, அந்த வரிய மறந்துட்டீங்களா?"

"அங்க நான் எதுவும் சொல்றதே இல்ல. அருவியே கண்ணு முன்னால நிக்குது, என் பேச்சு எதுக்கு?"

"அப்ப வீட்ல மட்டும் எதுக்குத் தினமும் சொல்றீங்க?"

"நீதான் பாத்ததில்லையே" என்றார்.