கேப்டன் இறங்கியிருக்கலாம்

அந்தக் கருத்து வந்த அன்று காலை என் கணவர் தண்ணீர் மோட்டாரை அணைக்க மறந்துவிட்டார். மொட்டை மாடித் தொட்டி நிரம்பி, தண்ணீர் படி வழியாக இறங்கி, வாடகைக்கு இருந்த பிரெஞ்சுக்காரம்மாவின் செருப்பை வாசல்வரை கொண்டுபோய் விட்டது. நான் ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்துவிட்டு வந்து பார்த்தால், மனிதர் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அவர் பெயர் பரசுராமன். வயது ஐம்பத்தைந்து. செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பக்கத்தில் ஆறு அறைகளை வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறோம். உலகத்தில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ பைத்தியம். இவருக்கு 'செம்பருந்து' பைத்தியம். செம்பருந்து என்பது ஒரு விண்கலம். அதன் கேப்டன் சேந்தன் கிரகம் கிரகமாகப் போய்ச் சண்டை போடுவான். மாதம் ஒரு நாவல், போனிலேயே படிக்கலாம். படித்து முடித்தால் கீழே வாசகர் கருத்து எழுதலாம். 'சூப்பர் சார், அடுத்தது எப்போ' என்று ஒருவர், 'கேப்டனுக்குக் கல்யாணமே கிடையாதா' என்று ஒருவர், எழுத்துப்பிழை கண்டுபிடிப்பதற்கென்றே ஒருவர். இந்தக் கூட்டத்தில் என் வீட்டுக்காரருக்கு 'மலையடிவாசி' என்று பெயர். அவரோடு மாதம் தவறாமல் மல்லுக்கு நிற்பவர் பெயர் 'கீழ்பென்னாத்தூரான்'.

அது வேறு யாருமில்லை, என் கொழுந்தனார் வேணு. கூடப் பிறந்த தம்பி.

வேணு தன் பெயரை எங்கேயும் சொல்லவில்லை. ஆனால் முதல் கருத்தைப் படித்ததுமே இவருக்குத் தெரிந்துவிட்டது. சின்ன வயதில் இருவரும் இந்த மாதிரிப் புத்தகங்களை வாடகைக்கு எடுத்து வருவார்களாம். யார் முதலில் படிப்பது என்று அடிதடி வர, நடுவில் பின்னைப் பிரித்து இரண்டாக்கி, முன்பாதியை அண்ணன் எடுத்துக்கொள்வான், பின்பாதியைத் தம்பியிடம் தள்ளிவிடுவான். அப்படியே பழகி, வேணு எந்தக் கதையையும் கடைசி அத்தியாயத்திலிருந்துதான் பேச ஆரம்பிப்பார். "இப்பிடித் தலைகீழா பேசறவன் நம்ம ஜில்லாவுலயே ஒர்த்தன்தான்" என்று அன்றைக்கு இவர் சிரித்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. மலையடிவாசி யார் என்று வேணுவுக்கும் தெரியாமல் இருந்திருக்காது.

அவர்களுக்குள் பேச்சு நின்று ஆறு வருடம் ஆகிறது. இந்த வீட்டுக்கு மாடி எடுப்பதற்காக இவர் தன் பங்கு நிலத்தை வெளியாளுக்கு விற்றார். பங்காளியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிணறு பொதுக் கிணறு. இன்றைக்கு வேணு தன் நெல்லுக்குத் தண்ணீர் இறைக்க முன்பின் தெரியாதவனிடம் முறை கேட்டு நிற்க வேண்டியிருக்கிறது. விற்காதே என்று நானும் சொன்னேன், யார் கேட்டார்கள்? அன்றிலிருந்து நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்து இல்லை. இந்தக் கருத்துப் பகுதியில் மட்டும் இரண்டு பேரும் ராக்கெட்டுக்கு எத்தனை இன்ஜின் என்று மணிக்கணக்கில் வாதாடுவார்கள். 'டேய் வேணு' என்று கூப்பிட்ட வாய் அங்கே 'நண்பரே' என்று கூப்பிடும். இரண்டு பேருக்கும் மீசை நரைத்துவிட்டது, இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன். ஆனாலும் நிறுத்தச் சொன்னதில்லை. அந்த ஒரு நூலாவது அறாமல் இருக்கிறதே என்று ஒரு ஆறுதல்.

அந்த மாத நாவலில், கேப்டன் சேந்தனின் தம்பி ஒரு நீலக் கிரகத்தில் தனியாக இருக்கிறான். முன்பு சண்டை போட்டுக்கொண்டு பிரிந்தவன். அவன் சமிக்ஞை அனுப்பிக் கூப்பிடுகிறான். கலத்தில் எரிபொருள் குறைவு. கேப்டன் மேலேயே ஒரு சுற்றுச் சுற்றி, சல்யூட் அடித்துவிட்டுப் போய்விடுகிறான். தொட்டி வழிந்த அன்று காலை வேணு இப்படி எழுதியிருந்தார்:

'கடைசியில் கேப்டன் இறங்காமல் போனது மனசுக்கு ஒப்பவில்லை நண்பரே. தம்பி கோபத்தில் ஆயிரம் பேசியிருப்பான். ஆனால் கூப்பிட்டானே. வீட்டில் ஒரு விசேஷம் என்றால் அண்ணன் இல்லாமல் எப்படி? ஒரு தடவை இறங்கியிருக்கலாம்.'

"கதையில ஏதாவது விசேஷம் வருதாங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் வரல. இவன் வழக்கம்போல பின்பாதிய மட்டும் படிச்சிட்டு உளர்றான்."

"அப்போ எதுக்கு விசேஷம்னு எழுதணும்? உங்களுக்குச் சொல்றாப்ல இருக்குதுங்க. ஒரு போன் போட்டுத்தான் கேளுங்களேன்."

"செல்வி, இது கதைக்கு எழுதற கருத்து. உனக்குப் புரியாது."

எனக்குப் புரியாதுதான். நான் கதை படிப்பதில்லை, மனிதர்களைத்தான் படிக்கிறேன். வாதத்தில் ஜெயிக்கப்போகிற சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது. அதற்குமேல் பேசினால் சுவரில் முட்டிக்கொண்ட மாதிரி. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அவர் பதில் எழுதினார்:

'நண்பர் கதையைச் சரியாகப் படிக்கவில்லை. இதில் எந்த விசேஷமும் இல்லை. இருப்பது ஒரு வழிக்கான எரிபொருள். திரும்ப வழியில்லாத இடத்துக்கு கேப்டன் எதற்காகப் போக வேண்டும்?'

அதற்குப் பதினைந்து பேர் இதயம் போட்டார்கள். கீழ்பென்னாத்தூரான் பதில் எழுதவில்லை. அடுத்த மாத நாவலுக்கும் எழுதவில்லை. "தோத்துட்டான், அதான் ஆளைக் காணோம்" என்றார் இவர். ஆனால் தினமும் நாலைந்து முறையாவது திறந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

எங்கள் அறைகளைப் பெருக்கித் துடைக்க வரும் காசியம்மாளுக்கும் கீழ்பென்னாத்தூர்தான். இரண்டு நாள் லீவு போட்டவள், மூன்றாம் நாள் தலை நிறையப் பூவோடு வந்தாள். வந்ததும் வராததுமாக என்னைப் பார்த்து, "இன்னாக்கா, நீங்க ரெண்டு பேரும் கல்யாணத்துக்கு வரவே இல்ல?" என்றாள்.

"யாரு கல்யாணம்?"

"வேணு அண்ணன் பொண்ணு கவிநிலாவுக்கு. நேத்து முடிஞ்சிதே. கூட்டம் ஜாஸ்தி. எல்லாரும் பெரியப்பா எங்கேனு கேட்டாங்க. அவரால வர முடியாதாம், வழி இல்லையாம்னு சொல்லிட்டாரு அண்ணன்."

என் வீட்டுக்காரர் அப்போது வருகைப் பதிவேட்டில் யாருக்கோ கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். பேனாவை மூடிவிட்டு அறைக்குள் போனார். நானும் பின்னாலேயே போனேன். போனை எடுத்து, இரண்டு மாதத்துக்கு முந்தைய அந்தக் கருத்தைத் தேடி எடுத்துப் படித்தார். 'விசேஷம்' என்ற சொல்லின்மேல் அவர் விரல் நின்றது. தன் பதிலையும் படித்தார். அதை அழித்தார். அழித்து என்ன? படிக்க வேண்டியவன் அன்றைக்கே படித்துவிட்டான்.

"நீ சொன்னே" என்றார்.

ஆமாம் என்று குத்திக்காட்டத்தான் வாய் வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை. கவிநிலா பிறந்தபோது கையில் முதலில் வாங்கியவர் அவர். எங்களுக்குப் பிள்ளையில்லை. ஆத்திரமாக வந்தது எனக்கு, அவர்மேலா வேணுமேலா என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு பத்திரிகை வைக்கக்கூடாதா? வைக்கமாட்டார். ஒருமுறை கூப்பிட்டு வேண்டாம் என்று பதில் வாங்கியவர், மறுமுறை தாம்பாளத்தோடு வந்து நிற்பாரா?

அன்று சாயங்காலம் பெண்ணும் மாப்பிள்ளையும் மலை சுற்ற வேனில் வருவதாக காசியம்மாள் சொல்லியிருந்தாள். மலை சுற்றுகிறவர்கள் எங்கள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும். நாலு மணிக்கே இவர் குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கேட்டருகே போய் நின்றார். நானும் நின்றேன்.

வாழைத்தோரணம் வாடிய வேன் ஒன்று வேகத்தடையில் மெதுவானது. இவர் ரோட்டில் இறங்கிக் கையைக் காட்டினார். டிரைவர் நிறுத்தினான். முன்சீட்டில் வேணு. இளைத்துப் போயிருந்தார். ஒரு கணம் அண்ணனைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

"நல்லா இருக்கீங்களா?" என்றார் அண்ணனிடம்.

'வா, போ' என்று பேசிப் பழகிய தம்பியிடமிருந்து வந்த அந்த 'ங்க' எனக்கே சுருக்கென்று தைத்தது.

"இருக்கேன்" என்றவர் ஜன்னலைப் பிடித்துக்கொண்டார். "வேணு, நான் கதைக்குத்தான்டா எழுதினேன்."

"நானும் கதையத்தாங்க சொன்னேன்" என்றார் வேணு, ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

பின்சீட்டு ஜன்னலிலிருந்து, "பெரியப்பா" என்று கவிநிலா தலையை நீட்டினாள். மஞ்சள் பூசிய முகம். இவர் அவள் தலைமேல் கையை வைத்தார். "நல்லா இரும்மா" என்பதற்குள் பின்னாலிருந்து பஸ் ஹாரன் அடித்தது. வேன் நகர்ந்தது.

புழுதி அடங்கும்வரை நின்றிருந்தோம். பிறகு அவர் கேட்டார், "சுத்திட்டு இந்தப் பக்கம்தானே வருவாங்க?"

அவர் இந்த மலையடியில் இருபது வருடம் குடியிருக்கிறவர். அடி அண்ணாமலை தாண்டி, காஞ்சி ரோடு வழியாக டவுனுக்குள் போய், அப்படியே ஊருக்குப் போய்விடுவார்கள் என்பது அவருக்குத் தெரியாதா?

"வருவாங்க" என்றேன்.

அவர் உள்ளே போனார். இரண்டு நாற்காலிகளைத் தூக்கி வந்து கேட்டுக்கு வெளியே போட்டார். போதாது என்று தோன்றியிருக்க வேண்டும், மறுபடி போய் இன்னும் இரண்டு எடுத்து வந்தார். வேட்டி நுனியால் ஒவ்வொன்றையும் துடைத்து, வேன் போன திசையைப் பார்த்த மாதிரி திருப்பி வைத்தார்.