தொண்ணூற்றெட்டு டிகிரி

பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடங்களை வாசித்துப் பதிவு செய்யும் அந்த மயிலாப்பூர் அறையில், கணினி மறுபடியும் தானாக அணைந்தது. ஒலிப்பதிவுகளைச் சரிசெய்யும் சரண்யா பல்லைக் கடித்துக்கொண்டு அதை எழுப்பினாள். விடிந்தால் மஹ்விஷுக்கு வரலாற்றுத் தேர்வு. கடைசிப் பாடத்தின் ஒலிப்பதிவில் இரைச்சலை நீக்கி முடித்தால்தான் அவள் கேட்டுப் படிக்க முடியும். ராயப்பேட்டையிலிருந்து தனியாகக் கோலூன்றி வந்தவள் பெஞ்சில் காத்திருந்தாள்.

“இன்னாக்கா, திரும்பவும் படுத்துக்கிச்சா?”

“படுக்கட்டும், எழுப்புறேன். நீ போண்டாவைச் சாப்பிடு.”

லினக்ஸில் ஓடும் பழைய கணினி அது. சரண்யா கறுப்புத் திரையில் சூட்டைக் காட்டும் ‘சென்சார்ஸ்’ கட்டளையைத் தட்டினாள். ப்ராசசரின் சூடு தொண்ணூற்றெட்டு டிகிரி. அதன் கீழே, அதைக் குளிர்விக்கும் ஃபேனின் வேகம் பூஜ்யம்.

அணைத்துவிட்டுப் பெட்டியைத் திறந்தாள். ஃபேனின் தண்டை வாழைநார் இறுக்கியிருந்தது. நாரில் வாடிய சாமந்தி இதழ்கள்.

பெருக்கிக்கொண்டிருந்த சண்முகவடிவு அப்படியே நின்றுவிட்டாள். ஆயுத பூஜையன்று பெட்டிக்குச் சந்தனம் வைத்து, பின்பக்க ஓட்டையில் பூச்சரத்தைச் செருகியவள் அவள்தான்.

“ஐயோ, நான் வச்ச பூவா? புள்ளைங்க படிப்புக்குன்னு வேண்டிக்கினு வச்சேனேம்மா!”

அன்பால் நேர்ந்த பிழையை அன்பால்தான் திருத்த வேண்டும். ஆண்டவனும் நம்மிடம் அப்படித்தானே நடந்துகொள்கிறான்!

“பூ வச்சது தப்பே இல்லக்கா. மூச்சு விடுற எடத்துல வச்சுட்டீங்க, அவ்ளோதான்.”

“எங்கண்ணன் நிக்காஹ்லயும் இதே கததான்,” என்றாள் மஹ்விஷ். “மூஞ்சி மேலயே பூவைத் தொங்கவுட்டாங்க. மாப்ள தும்மிக்கினே கீறாரு!”

கண்ணைத் துடைத்தபடியே சண்முகவடிவு சிரித்துவிட்டாள்.

நாரை வெட்டி எடுத்தும் ஃபேன் சுற்றவில்லை, மோட்டார் கருகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை, கணினிச் சாமான் விற்கும் ரிச்சி தெருவில் கடை திறந்திருக்காது. சரண்யா விடவில்லை. கணினியை மறுபடி எழுப்பி, செட்டிங்ஸுக்குள் போய், சூடு ஏறாதபடி ப்ராசசரின் உச்ச வேகத்தைப் பாதியாகக் குறைத்தாள். அதற்குள் சண்முகவடிவு பக்கத்துச் சந்திலிருந்த தன் வீட்டு டேபிள் ஃபேனைத் தூக்கி வந்து, திறந்த பெட்டிக்கு நேராக வைத்தாள்.

“ஊட்ல புழுங்குமேக்கா?” என்றாள் மஹ்விஷ்.

“புழுங்கட்டும். இது ஓடணும்.”

சூடு எண்பதுக்கு இறங்கியது, பிறகு எழுபது. வேலை நத்தையாய் நகர்ந்தது, ஆனால் நிற்கவில்லை. சரண்யா திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்தில் பாடம் மஹ்விஷின் போனில் ஏறியது. அவள் இயர்போனின் ஒரு முனையைத் தன் காதில் செருகி, மறுமுனையைச் சண்முகவடிவு நின்ற பக்கம் நீட்டினாள்.

“பஸ் ஸ்டாப் வரைக்கும் வாங்கக்கா. கேட்டுக்கினே போலாம்.”